சட்டத்தை உடைத்த தும்மல்

1970 பொங்கல் நேரம். 'துக்ளக்' என்ற புதுப் பத்திரிகை கடைகளில் தொங்கியது. ஆசிரியர் சோ ராமசாமி. முதல் இதழின் அட்டையில் நடிகை இல்லை, சாமி படம் இல்லை, தலைவர் படமும் இல்லை. இரண்டு கழுதைகள்தான் இருந்தன. சோ பத்திரிகை ஆரம்பித்துவிட்டாராம் என்று ஒரு கழுதை சேதி சொல்கிறது. அப்படியானால் இனி நமக்கு விருந்துதான் என்று இன்னொரு கழுதை சந்தோஷப்படுகிறது.

சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் கழுதையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இவர் பத்திரிகையை யார் வாங்குவார்கள், கழுதைதான் தின்னும்" என்று வேண்டாதவர்கள் சொல்வதற்குள் ஆசிரியரே அதை அட்டையில் அச்சடித்துவிட்டார். இனி அவர்கள் என்ன சொன்னாலும் பழைய ஜோக்! காசு கொடுத்து வாங்கி அந்த விருந்தில் போய் உட்கார்ந்தவர் யார் என்று கொஞ்சம் யோசித்தால், வாசகருக்கும் செல்லமாக ஓர் உதை விழுந்திருப்பது தெரியும்.

சிரிப்புப் படங்களில் இது தனி ரகம். மாமியாரையோ டாக்டரையோ அமைச்சரையோ கிண்டல் செய்யாமல், படம் தன்னையே கிண்டல் செய்துகொள்ளும். தான் ஒரு காகிதம், தன்னை யாரோ வரைந்திருக்கிறார்கள், யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று படத்தில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். அங்கேதான் சிரிப்பு பிறக்கும்.

ஆரணி வட்டாரத்தில், பட்டுத் தறி ஓடும் தேசூர் போன்ற ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். புடவைக்கு உடல் உண்டு, முந்தி உண்டு, இரண்டு பக்கமும் பேட்டு உண்டு. உடலில் இருக்கும் மயில் உடலில்தான் இருக்க வேண்டும். அது ஒரு கால் எடுத்துப் பேட்டின் மேல் வைத்தால் அந்தப் புடவை பழுது. கூலியில் கை வைப்பார்கள். சித்திரக்கதைக்கும் இப்படி ஒரு கரை உண்டு. ஒவ்வொரு காட்சியைச் சுற்றியும் கோடு போட்டு ஒரு கட்டம் கட்டியிருக்கும். அந்தக் கோட்டை நாம் பார்ப்பதே இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறவர் ஜன்னல் சட்டத்தையா பார்க்கிறார்?

அந்தச் சட்டத்தை ஒரு பையன் தும்மியே உடைத்தான். ஆண்டு 1905, செப்டம்பர் 24. அமெரிக்காவில் 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகையில் வின்சர் மெக்கே என்ற ஓவியர் சாமி என்ற சிறுவனை வைத்துத் தொடர் வரைந்துவந்தார். கதை எப்போதும் ஒன்றுதான். சாமிக்கு மூக்கு அரிக்கும், வாய் கோணும், கட்டத்துக்குக் கட்டம் தும்மல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் அது வெடித்து, கடையோ விருந்து மேசையோ எதிரில் இருப்பது எல்லாம் தூள் தூளாகும். அடி வாங்கிக்கொண்டு சாமி வெளியே போவான். வாராவாரம் இதேதான். எதிரில் எதை வைத்தாலும் பறக்கும் என்று வாசகர்களுக்கு மனப்பாடம்.

குறிப்பிட்ட அந்த வாரம் மெக்கே எதிரில் எதையுமே வைக்கவில்லை. வெறும் கட்டம், நடுவே சாமி. மூக்கு அரித்தது, வாய் கோணியது, தும்மினான். உடைவதற்கு வேறு பொருள் இல்லாததால் கட்டத்தின் கோடே நொறுங்கியது. உடைந்த கோடுகள் மேலே விழ, சாமி அதன் நடுவில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நூற்றிருபது வருஷம் ஆகியும் அந்தப் படத்துக்குச் சிரிப்பு வருகிறது. காரணம் எளிமையானது. அத்தனை வாரமும் மெக்கே ஒழுங்காகக் கோடு போட்டுப் பழக்கியிருந்தார். கட்டம் என்பது உடையாது என்று வாசகர் நம்பிய பிறகுதான் அதை உடைத்தார். முதல் வாரமே உடைத்திருந்தால் அச்சுப் பிழை என்று நினைத்திருப்பார்கள். பேட்டின் மேல் ஏறிய மயிலைப் பழுது என்கிறோம், கோட்டை உடைத்த சாமியை ஜோக் என்கிறோம். தெரிந்தே செய்தது என்று பார்க்கிறவருக்குப் புரிகிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

தறி என்று பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. தறியின் தலைக்கு மேல் உட்கார்ந்து, ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்து எந்த இழை தூக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஜக்கார்டு பெட்டியை நெசவு வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டின் பெயர்தான் அது. அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1839-ல், அதே லியோனில் பட்டில் ஒரு படம் நெய்தார்கள். சுமார் 24,000 அட்டை கட்டி நெய்த படம். அதில் இருப்பவர் ஜக்கார்டேதான்! பக்கத்தில் அவர் கண்டுபிடித்த தறியின் சின்ன மாதிரி, ஓட்டை போட்ட அட்டைகள். ஜக்கார்டு தறி தன் அப்பாவையும் தன்னையும் சேர்த்து நெய்திருக்கிறது. கணினிக்கு முன்னோடியான இயந்திரத்தைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டியிருந்தார். வந்தவர்கள் அதை அச்சுப்படம் என்று நினைத்து ஏமாறுவதைப் பார்ப்பதில் அவருக்குத் தனி ஆனந்தம்.

ஆனால் இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான சாமி ஒருவன் உண்டு. அமெரிக்காவுக்கும் போக வேண்டாம், பிரான்ஸுக்கும் போக வேண்டாம். அவன் பெயர் கட்டியங்காரன்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தெருக்கூத்து மண். செய்யாறு பக்கத்துப் புரிசை என்ற கிராமத்தின் பெயரைச் சொன்னாலே கூத்து தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். துரியோதனன் பெரிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமுமாகத் திரைக்குப் பின்னால் நிற்க, கட்டியங்காரன் முதலில் வந்துவிடுவான். என்ன கூத்து நடக்கப்போகிறது என்று சொல்வான். ராஜா திரை தாண்டி வந்ததும், "ஐயா தாங்கள் யாரோ, எந்த ஊரோ?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்பான். அஸ்தினாபுரத்தை ஆளும் மன்னனிடம் காவல்காரன் பெயர் விலாசம் கேட்கிறான்! ராஜாவும் கோபித்துக்கொள்ளாமல் பாட்டாகப் பாடி பதில் சொல்வார். சொல்லாவிட்டால் கூட்டத்துக்குத் தெரியாதே.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பதுதான் கட்டியங்காரனின் வேலை. ஒரு கால் அஸ்தினாபுரத்தில், இன்னொரு கால் ஊர்த் தெருவில். ராஜாவிடம் கைகட்டி நின்றபடியே, முன் வரிசையில் தூங்கும் பெரியவரை எழுப்பிவிடுவான். ஹார்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பான். போருக்குப் புறப்படும் வேளையில் ஊரில் பஸ் வராததைப் பற்றிப் பேசுவான். கூத்து என்பது கூத்துதான், கிரீடம் கட்டைதான் என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைப்பான். அவன் இப்படி உடைத்த அடுத்த நிமிஷமே திரௌபதி துகில் பிடித்து அலறினால் அதே கூட்டம் கண்ணீர் விடும். பொய் என்று ஒருவன் சொல்லிவிட்டதால் அழுகை குறைவதில்லை. இந்த ரகசியம் மெக்கேக்கு முன்பே இந்தக் கிராமங்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கட்டியங்காரன் ராஜாவை மட்டும் கிண்டல் செய்ய மாட்டான். முதல் அடி தனக்கே. தன் வயிறு, தன் பசி, தன் பயம், வீட்டில் தனக்கு விழும் திட்டு என்று ஆரம்பித்துத் தன்னைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்ட பிறகுதான் ராஜா பக்கம் திரும்புவான். அதற்குப் பின் அவன் என்ன சொன்னாலும் யாரும் அவனை அடிக்க வருவதில்லை. தன்னைக் கழுதைக்குத் தீனியாக்கிக்கொண்ட பத்திரிகை ஆசிரியர் செய்ததும் இதுதான். அதன் பிறகு அவர் எழுதியதெல்லாம் எத்தனை முதலமைச்சர்களைச் சீண்டியது என்பது வேறு கதை.

வெளிநாட்டுச் சித்திரக்கதைகளிலும் கட்டியங்காரர்கள் நிறைய. பெல்ஜியத்தில் 'ஸ்பிரூ' என்று ஒரு வாரப் பத்திரிகை. 1957 பிப்ரவரியில் அதன் பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் வந்து நின்றான். யார், எதற்கு வந்தான் என்று விளக்கம் கிடையாது. பிறகுதான் தெரிந்தது, பெயர் கஸ்தோன், வேலை கிடைக்காத கதாநாயகன். எந்தச் சித்திரக்கதையிலும் அவனுக்கு இடம் இல்லாததால் பத்திரிகை ஆபீஸிலேயே எடுபிடியாகச் சேர்த்துக்கொண்டார்களாம்! வரைந்தவர் பிரான்கென். அந்த ஆபீஸ் அதே பத்திரிகையின் ஆபீஸ். வாசகர் கடிதங்களை மலைபோலக் குவித்து அதற்குள் படுத்துத் தூங்குகிறவன் அவன். கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தத்தை ஒவ்வொரு முறையும் கெடுப்பவனும் அவன்தான். ஒரு பத்திரிகை தன் சோம்பலை, தன் குழப்பத்தை, தாமதத்தைத் தானே படம் போட்டு விற்றது. நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக விற்றது.

1989-ல் அமெரிக்காவில் ஷீ-ஹல்க் என்ற பச்சை நிறப் பலசாலிப் பெண்ணுக்கு ஜான் பைர்ன் புதுத் தொடர் ஆரம்பித்தார். முதல் இதழின் அட்டையில் அவள் வாசகரைப் பார்த்து மிரட்டுகிறாள். இந்தத் தடவையாவது என் புத்தகத்தை வாங்கு, இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து நீ சேர்த்துவைத்திருக்கும் எக்ஸ்-மென் புத்தகங்களைக் கிழித்துவிடுவேன் என்கிறாள். முந்தைய தொடர் நின்றுபோன கதையைக் கதாநாயகியே சொல்லிக்காட்டி வியாபாரம் செய்கிறாள். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இந்தத் துணிச்சல் பிடிக்கும்.

தமிழில் சித்திரக்கதை என்றால் சிவகாசியின் முத்து, லயன் காமிக்ஸ் நினைவுக்கு வராமல் போகாது. அவை தமிழ்ப் பேச வைத்த லக்கி லுக்கை எடுத்துக்கொள்ளலாம். தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவன் என்பது அவனுக்குப் பட்டம். அதைப் படமாகவும் போட்டிருப்பார்கள். அவன் சுட்டு முடித்துவிட்டான், சுவரில் இருக்கும் நிழல் இன்னும் துப்பாக்கியை உருவிக்கொண்டிருக்கிறது. இந்த ஜோக்கைச் சினிமாவில் எடுத்தால் பாதிதான் தேறும், வாயால் சொன்னால் கால்வாசி. நிழலும் மனிதனும் ஒரே மையால் வரைந்தவை என்பதுதான் ஜோக். அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர் முதலாளியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வருவது நம் கட்டியங்காரன் வேலை. 1983-ல் லக்கி லுக்கின் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுப் புல் ஒன்றைச் செருகினார் அவனை உருவாக்கிய மோரிஸ். கதாநாயகன் எதைப் பிடிக்கிறான் என்பதைப் படிக்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓவியருக்குத் தெரிந்திருந்தது.

நம் வாரப் பத்திரிகைகளின் துணுக்குப் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 'விகடன்' என்ற சொல்லுக்கே கோமாளி, சிரிக்கவைப்பவன் என்று அர்த்தம். தன்னைக் கோமாளி என்று பெயரிலேயே சொல்லிக்கொண்ட பத்திரிகை அது. ஓவியர் மாலி வரைந்த விகடன் தாத்தா அதன் முகம். மாலியும் கோபுலுவும் மதனும் கோடு போட்ட மண்ணில், அரண்மனையை விட்டு ஓடும் மன்னர், ஊசி போடும் டாக்டர், ஊழல் தலைவர், பூரிக்கட்டை மனைவி என்று ஒரு நிரந்தர நாடகக் குழு உருவாகி வாராவாரம் மேடை ஏறியது. அதில் பல அருமையானவை. ஆனால் திக்குவாய்க்காரரையும் பருமனான பெண்ணையும் வீட்டு வேலைக்காரரையும் அடித்துச் சிரித்தவையும் எண்ணிக்கையில் குறைவில்லை. எழுதியவர் தன்மேல் ஓர் அடி போட்டுக்கொண்டு ஆரம்பித்திருந்தால், அடுத்த அடியை யார் மேல் போடுவது என்று கொஞ்சம் தயங்கியிருப்பார்.

அந்த நாடகக் குழுவை அதன் மேலேயே திருப்பிவிடுவது கஷ்டமும் இல்லை. "மன்னா, எதிரி கோட்டைக்குள் வந்துவிட்டான்!" "அடுத்த வாரம் வரச் சொல் அமைச்சரே, இந்த இதழில் ஏற்கெனவே இரண்டு ஜோக்கில் ஓடிவிட்டேன்." இப்படி ஒன்று போட்டால் மன்னருக்கும் மரியாதை, எழுதுகிறவருக்கும் கற்பனை வறண்டுவிட்டது என்பதை ஒப்புக்கொண்ட நிம்மதி.

இப்போது அந்தத் துணுக்குப் பக்கம் கைப்பேசிக்குள் போய்விட்டது. மீம் என்பது இன்றைய கட்டப்படம்தான். ஒரு முகம், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. 2019 மே மாதக் கடைசியில் நேசமணி படுத்திய பாடு பலருக்கும் நினைவிருக்கும். சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று வெளிநாட்டுப் பக்கம் ஒன்று கேட்க, 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் விழுந்த சுத்தியலை யாரோ ஞாபகப்படுத்த, கான்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் வாசகம் உலக அளவில் முதல் வரிசைக்குப் போனது. உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள், ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் என்றார்கள். நேசமணி என்று ஒருவர் இல்லை என்பது சொன்ன அத்தனை பேருக்கும் தெரியும். கூத்தில் ஒரே ஒரு கட்டியங்காரன்தான் இருப்பான். அந்த இரண்டு நாளும் கூட்டம் முழுவதும் கட்டியங்காரனாக இருந்தது.

அதே கைப்பேசியில் இந்த வித்தை சலித்தும் போகிறது. மீமைப் பற்றி மீம், அதைக் கிண்டல் செய்து இன்னொரு மீம். "இதுக்கெல்லாம் சிரிக்கிறியா" என்று கேட்டே சிரிக்கவைக்கப் பார்க்கும் வீடியோ. கதாநாயகன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கும் படம். மெக்கே அத்தனை வாரம் கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் உடைத்தார். இவர்கள் கோடே போடாமல் உடைக்கிறார்கள். விடிய விடியக் கட்டியங்காரன் மட்டுமே பேசினால் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

தன்னைப் பார்த்துச் சிரிப்பது படம் வரைகிறவரின் வேலை மட்டும்தானா? ஒரு ஜோக்கைப் படித்துவிட்டு "இது நான்தான்" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் அதுவும் நடந்திருக்கிறது.

1987 மார்ச் 29 தேதியிட்ட 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் மந்திரி என்று மற்றவர் அடையாளம் சொல்கிறார். பெயர் இல்லை, கட்சி இல்லை, ஊர் இல்லை. துணுக்கு நாடகக் குழுவின் பழைய நடிகர்கள்தான். மற்ற வாரங்களைப் போலப் படித்துச் சிரித்துவிட்டுப் புரட்டியிருக்க வேண்டிய பக்கம்.

சட்டமன்றம் புரட்டவில்லை. அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மூன்று மாதச் சிறைத் தண்டனையை அறிவிக்க, சிரிப்புத் துணுக்குக்காக ஒரு பத்திரிகை ஆசிரியர் ஜெயிலுக்குப் போனார். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அவரை வெளியே விட வேண்டியதாயிற்று.

கட்டியங்காரன் பெயர் கேட்டபோது துரியோதனன் பாடி பதில் சொன்னார், கூத்து நடந்தது. இங்கே யாரும் பெயர் கேட்கவே இல்லை. கேட்காமலே எழுந்து நின்று பதில் சொன்னார்கள். அதுவரை யாரையும் குறிக்காத அந்தப் படத்துக்கு அதன் பிறகுதான் முகம் கிடைத்தது. அட்டையைப் பார்க்காதவர்கள்கூட ஜோக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பாலசுப்ரமணியன் விடுதலையோடு நிற்கவில்லை. தன்னைச் சிறையில் வைத்தது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, நஷ்டஈடாக ஆயிரம் ரூபாயும் வந்தது. பணத்தை அவர் செலவு செய்யவில்லை. சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.